வசந்தகாலப் பயிற்சி ஆட்டங்களில் இளம் வீரர் தேறவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

காவிரிப் படுகையில் சம்பா அறுவடை முடிந்து களத்துமேடு காலியாகிக்கொண்டிருக்கும் பிப்ரவரி நடுவில்தான் அமெரிக்காவில் பேஸ்பால் அணிகள் பயிற்சி முகாமுக்குக் கூடுகின்றன. கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை ஆகிய ஊர்களில் இருக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து, கணினியில் ஓடும் பேஸ்பால் நிர்வாக விளையாட்டு ஒன்றை இணைய லீக்காக நடத்தி வருகிறோம். அதற்கு நான்தான் கமிஷனர். லீக்கின் நாட்காட்டியில் வசந்தகாலப் பயிற்சி வந்துவிட்டால் ஒரே விதமான கேள்விகள் வாட்ஸ்அப்பில் குவியத் தொடங்குகின்றன. அந்தக் கேள்விகளை அறிகுறிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எங்கே பார்க்க வேண்டும், எதை மாற்ற வேண்டும், எதைத் தொடாமல் விட வேண்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

குழப்பம் வராமல் இருப்பதற்காக, கணினியில் ஓடும் மென்பொருளை 'விளையாட்டு' என்றும், அதற்குள் இரு அணிகள் மோதுவதை 'ஆட்டம்' என்றும் குறிப்பிடுகிறேன். அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீக்கின் 30 அணிகளில் 15 அரிசோனாவிலும் 15 ஃபுளோரிடாவிலும் முகாமிட்டு, பிப்ரவரி இறுதியிலிருந்து மார்ச் இறுதி வரை ஏறத்தாழ முப்பது ஆட்டங்கள் ஆடுகின்றன. அரிசோனாவில் நடப்பது காக்டஸ் லீக், ஃபுளோரிடாவில் நடப்பது கிரேப்ஃப்ரூட் லீக். கிரிக்கெட்டில் டெஸ்ட் தொடருக்கு முன் நடக்கும் பயிற்சி ஆட்டத்தைப் போலவே இவற்றின் வெற்றி தோல்வி புள்ளிப் பட்டியலில் சேராது. ஆகவே முகாமில் தோற்பதைப் பற்றிய கேள்விகளுக்கு இந்த வழிமுறையில் இடமில்லை.

எதையும் தொடுவதற்கு முன்னால், முகாமின் முதல் நாளில் சேவ் கோப்பை ஒரு பிரதி எடுத்து வேறு பெயரில் வைத்துவிடுங்கள். பின்னால் சொல்லப்போகும் சோதனைகள் எல்லாம் அந்தப் பிரதியில் செய்ய வேண்டியவை.

அறிகுறி: பயிற்சி ஆட்டங்களே வரவில்லை, நேராகச் சீசனின் தொடக்க நாளுக்குப் போய்விடுகிறது

இரண்டு காரணங்களே உண்டு. லீக் அமைப்புகளில் வசந்தகாலப் பயிற்சி அணைக்கப்பட்டிருக்கலாம். அல்லது புதிய லீக்கை உருவாக்கும்போது தொடக்கத் தேதியை ஏப்ரலில் வைத்திருக்கலாம். முதல் காரணமானால் அமைப்பை இயக்கிவிட்டு அடுத்த ஆண்டுவரை பொறுக்க வேண்டும். பாதி சீசனில் இயக்கினால் அட்டவணை பின்னோக்கி உருவாகாது. இரண்டாவதானால், லீக்கை ஜனவரி முதல் தேதியில் தொடங்குமாறு மீண்டும் உருவாக்குவதே சுலபம்.

அறிகுறி: எல்லா ஆட்டத்திலும் இறக்கினேன், ரேட்டிங் அசையவில்லை

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். அவசரப்பட்டுத் தவறான இடத்தில் கை வைக்கப்படுவதும் இதில்தான். ரேட்டிங், அதாவது திறனுக்கான மதிப்பெண், அசையவில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன், நீங்கள் எந்த அளவுகோலில் அதைப் பார்க்கிறீர்கள் என்று கவனியுங்கள். வீரர்களை நேரில் பார்த்து மதிப்பிடும் ஸ்கவுட்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் 20 முதல் 80 வரையிலான அளவுகோலில் எண்கள் ஐந்து ஐந்தாக மட்டுமே ஏறும். 45 என்று தெரிகிற ஒருவரின் திறன் உள்ளுக்குள் கொஞ்சம் உயர்ந்திருந்தாலும், அது 50-இன் எல்லையைத் தொடும்வரை திரையில் 45 என்றே நிற்கும். அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பால் போன்ற, ஜெர்மனியில் மார்கஸ் ஹைன்சோன் உருவாக்கி 1999-இல் முதன்முதலாக வெளிவந்த எழுத்து வடிவ விளையாட்டுகளில், காட்டப்படும் அளவுகோலை 1 முதல் 100 வரை என்று மாற்றிக்கொள்ள இடமுண்டு. முகாமின் முதல் நாளும் கடைசி நாளும் இந்த அளவுகோலுக்கு மாற்றி, இரண்டு நாள் எண்களையும் ஒரு தாளில் குறித்து ஒப்பிட்டால், அசையவே இல்லை என்று நினைத்தவர்களில் சிலர் அசைந்திருப்பது தெரியும்.

அடுத்ததாக, அந்த எண் யாருடைய கருத்து என்று பாருங்கள். ஸ்கவுட்டிங் இயக்கத்தில் இருக்கும் லீக்கில், திரையில் தெரிவது வீரரின் உண்மைத் திறன் அன்று. உங்கள் ஸ்கவுட் கடைசியாக அவரைப் பார்த்தபோது எழுதிய மதிப்பீடு. ஸ்கவுட் மார்ச் மாதம் முழுவதும் வேறு ஊரில் கல்லூரி வீரர்களைப் பார்த்துக்கொண்டிருந்தால், உங்கள் பையன் எவ்வளவு வளர்ந்திருந்தாலும் பழைய எண்ணே நிற்கும். அவரைப் பற்றிய புதிய அறிக்கையைக் கேட்டு வாங்கிய பிறகே அடுத்த அடிக்குப் போக வேண்டும்.

இவ்விரண்டும் சரியாக இருந்தும் எண் அசையவில்லையென்றால், அது பெரும்பாலும் பிழையே இல்லை. வளர்ச்சி என்பது வயது, உழைப்புக் குணம், பயிற்சியாளரின் தரம், ஆடும் மட்டம், ஆடக் கிடைக்கும் வாய்ப்பு ஆகிய அனைத்தும் ஆண்டு முழுவதும் சேர்ந்து தரும் விளைவு. முப்பது ஆட்டங்கள் அதில் சிறு பங்கு. பயிற்சி ஆட்டத்தை உரமூட்டை என்று எண்ணுவதால்தான் ஏமாற்றம் வருகிறது. அங்கே நமக்குக் கிடைப்பவை மூன்று: களத்தில் புதிய இடத்தில் ஆடும் பழக்கம், பந்து வீசும் பிட்சர்களின் கையின் தயார்நிலை, யாரை எந்த மட்டத்துக்கு அனுப்புவது என்ற தெளிவு.

உங்கள் விளையாட்டில் பயிற்சி ஆட்டங்கள் வளர்ச்சிக்கு எவ்வளவு உதவுகின்றன என்பதைத் தெரிந்துகொள்ள விரும்பினால், யாரையும் கேட்க வேண்டாம், நீங்களே சோதிக்கலாம். எங்கள் பக்கத்தில் புதிய உரம் ஒன்று வந்தால், விவரமான விவசாயி வயல் முழுக்க வீசமாட்டார். ஒரு பாத்தியை உரமில்லாமல் விட்டுவிட்டு, பக்கத்துப் பாத்தியோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். அதே முறைதான் இங்கும். முதல் நாள் எடுத்த பிரதியிலிருந்து மூன்று பிரதிகள் எடுங்கள். ஒன்றில் அந்த இளைஞரை எல்லா ஆட்டத்திலும் இறக்குங்கள்; இரண்டாவதில் பெஞ்சிலேயே உட்கார வையுங்கள்; மூன்றாவதில் முகாமுக்கே அழைக்காமல், மேஜர் லீக்குக்குக் கீழே உள்ள மைனர் லீக்கில் விடுங்கள். ஸ்கவுட்டின் மதிப்பீட்டுக்குப் பதில் உண்மைத் திறனே தெரியும் அமைப்பில் மே மாத இறுதிவரை ஓட்டி எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு முறை ஓட்டியதை வைத்து முடிவு கட்டக் கூடாது. நான் ஒரே பிரதியை, எந்த மாற்றமும் செய்யாமல், இரண்டு முறை ஓட்டியபோதே ஒரு பிட்சர் ஒரு முறை முன்னேறினார், மறுமுறை நின்ற இடத்திலேயே நின்றார். வளர்ச்சியில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு வைத்தே இவ்வகை விளையாட்டுகள் எழுதப்பட்டிருக்கின்றன; ஆகவே ஒவ்வொரு பிரதியையும் பல முறை ஓட்டி, பத்துப் பதினைந்து இளைஞர்களின் சராசரி மாற்றத்தைப் பார்த்தால்தான் உருவம் தெரியும்.

அறிகுறி: மார்ச்சில் 0.400 அடித்தவர் ஏப்ரலில் 0.190-இல் கிடக்கிறார்

0.400 என்பது பேட்டிங் சராசரி: மட்டை பிடித்த வாய்ப்புகளில் (அட்-பேட்) எத்தனை ஹிட்டாக, அதாவது அடித்துப் பேஸை எட்டியதாக, முடிந்தன என்ற விகிதம்; பேச்சில் அதை நானூறு என்போம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் சித்தப்பா மகன் மன்னார்குடியிலிருந்து இரவு பதினொரு மணிக்கு அழைத்தான். "அண்ணே, பையன் நானூறு அடிக்கிறான். இன்னும் என்ன யோசனை? பழைய ஆளைத் தூக்கிடவா?" என்று கேட்டான். எத்தனை அட்-பேட் என்று கேட்டேன். "நாற்பது" என்றான். "நாற்பதை வச்சு நானூறுன்னு சொல்லாதேடா" என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. மே மாதம் அந்தப் பழைய வீரர் வேறொரு அணிக்காக ஆடிக்கொண்டிருந்தார்.

கணக்கு இதுதான். உண்மைத் திறன் 0.260 ஆக உள்ள ஒருவருக்கு 50 அட்-பேட் கிடைத்தால், எதிர்பார்க்கக்கூடிய ஹிட் 13. ஆனால் தற்செயலால் மட்டுமே அந்த எண்ணிக்கை மூன்று கூடவோ குறையவோ செய்வது வெகு சாதாரணம். 16 அல்லது அதற்கு மேல் ஹிட் எடுத்து 0.320-ஐத் தொட்டோ தாண்டியோ காட்டுவதற்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. 10 அல்லது அதற்கும் கீழே நின்று 0.200-இல் தவிப்பதற்கும் அதே ஐந்தில் ஒரு வாய்ப்பு. முகாமில் ஒரே திறனுள்ள இருபது பேரை இறக்கினால், நான்கு பேர் நட்சத்திரமாகவும் நான்கு பேர் உதவாக்கரையாகவும் தோற்றம் தருவார்கள். இருபது பேரும் ஒரே ஆள்தான்.

இதோடு எதிரணியின் தரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முகாமின் முதல் வாரங்களில் முன்னணி பிட்சர்கள் ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸில் ஓரிரு இன்னிங்ஸ் மட்டும் வீசிவிட்டு வெளியேறுகிறார்கள்; ஏழாவது, எட்டாவது இன்னிங்ஸில் உங்கள் இளைஞர் எதிர்கொள்வது, இரண்டு வாரத்தில் மைனர் லீக்கின் டபுள்-ஏ மட்டத்துக்குத் திரும்பப் போகும் இன்னோர் இளைஞரை. அங்கே அடித்த ஹோம் ரன்னும் ஹோம் ரன்தான். ஆனால் அது ஏப்ரலைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

ஆகவே பேட்டிங் சராசரியை விட்டுவிட்டு ஸ்டிரைக்-அவுட்டையும் (மூன்று ஸ்டிரைக்கில் ஆட்டமிழப்பது) வாக்கையும் (நான்கு தவறான பந்துகளால் முதல் பேஸுக்குப் போவது) பாருங்கள். ஒரு பேட்டரின் ஸ்டிரைக்-அவுட் விகிதம் ஏறத்தாழ 60 முறை மட்டை பிடித்ததும், வாக் விகிதம் 120 முறை பிடித்ததும் ஓரளவு நிலைபெறத் தொடங்குகின்றன என்பது புள்ளிவிவர ஆய்வாளர்கள் காட்டியிருக்கும் வழி. பேட்டிங் சராசரிக்கோ 900-ஐத் தாண்ட வேண்டும், அதாவது ஒரு முழு சீசனுக்கும் மேல். முகாமில் கிடைக்கும் 50, 60 வாய்ப்புகளில் ஏதேனும் சொல்லக்கூடியது ஸ்டிரைக்-அவுட் ஒன்றே. சென்ற ஆண்டைவிட அது குறைந்திருக்கிறது, ஸ்கவுட்டின் புதிய அறிக்கையும் அதற்கு ஒத்துப் போகிறது என்றால் மட்டும் அந்த இளைஞரைப் பற்றி யோசிக்கலாம்.

2001-இல் ஆல்பர்ட் புஹோல்ஸ் மைனர் லீக்கின் உச்சமான டிரிபிள்-ஏ மட்டத்தில் மூன்றே ஆட்டங்கள் ஆடியிருந்த நிலையில் முகாமில் அசத்தி செயின்ட் லூயிஸ் அணியில் இடம் பிடித்து, அந்த ஆண்டே 37 ஹோம் ரன்களும் 0.329 சராசரியுமாக ஒருமனதாகச் சிறந்த புதுமுகமாகத் தேர்வானார் என்பதை எங்கள் குழுவில் ஒவ்வோர் ஆண்டும் யாராவது நினைவூட்டுவார்கள். உண்மைதான். ஆனால் அவர் முந்தைய ஆண்டு மைனர் லீக் முழுவதையும் அடித்து நொறுக்கியிருந்தார். மார்ச் மாதம் புதிதாக எதையும் சொல்லவில்லை, ஏற்கெனவே தெரிந்ததை உறுதிப்படுத்தியது.

சரி செய்யும் இடம் ஒன்று உண்டு. கணினி மேலாளர் வீரர்களை மதிப்பிடும்போது ரேட்டிங்குக்கு எவ்வளவு எடை, நடப்பு ஆண்டுப் புள்ளிவிவரத்துக்கு எவ்வளவு, முந்தைய ஆண்டுகளுக்கு எவ்வளவு என்ற அமைப்பு பல விளையாட்டுகளில் இருக்கிறது. ரோஸ்டர் (அணிப் பட்டியல்) முடிவுகளைக் கணினியிடம் விட்டிருப்பவர்கள், நடப்பு ஆண்டின் எடையைக் குறைத்து ரேட்டிங்கின் எடையைக் கூட்டினால், சிறிய எண்ணிக்கை ஆட்டங்களைக் கண்டு அது பதறுவது குறையும்.

அறிகுறி: மூத்தவர்களே எல்லா வாய்ப்பையும் தின்றுவிடுகிறார்கள்

தானியங்கி வரிசை இன்றைய திறனைப் பார்த்து ஆளை எடுக்கிறது; நாளைய திறன் அதன் கண்ணுக்குத் தெரிவதில்லை. வரிசையை நீங்களே கையில் எடுங்கள். முதல் இரண்டு வாரங்களில் மூத்தவர்களை ஒரு நாள் விட்டு ஒரு நாள் மட்டும் இறக்குங்கள்; இறங்கும் நாளிலும் ஐந்தாவது இன்னிங்ஸோடு வெளியே எடுக்குமாறு மாற்று ஆட்களைக் குறித்துவையுங்கள். உண்மையான முகாம்களிலும் இதுவே வழக்கம்; வெளியூர் ஆட்டத்துக்குப் போகும் அணி வழக்கமான வீரர்களில் நால்வரையாவது அழைத்துப் போக வேண்டும் என்று மேஜர் லீக் விதியே வைத்திருக்கிறது என்றால், விட்டால் ஒருவரையும் அனுப்பமாட்டார்கள் என்றுதானே பொருள்? கடைசி வாரத்தை மூத்தவர்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவர்களும் தயாராக வேண்டும்.

அழைக்கும் இளைஞர்களின் எண்ணிக்கையையும் அடக்கி வையுங்கள். பதினைந்து பேரை அழைத்து ஆளுக்குப் பத்து அட்-பேட் கொடுப்பதைவிட, ஐந்து பேரை அழைத்து ஆளுக்கு முப்பதோ நாற்பதோ கொடுப்பது மேல்.

அறிகுறி: புதிய இடத்தில் ஆடப் பழக்கினேன், ஃபீல்டிங் ரேட்டிங் எழவில்லை

பயிற்சி ஆட்டங்களின் முழுப் பயனும் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. சீசனில் ஷார்ட்ஸ்டாப்பை (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவில் நிற்பவர்) கொண்டுபோய் செகண்ட் பேஸில் நிறுத்தினால் அவர் செய்யும் ஒவ்வொரு தவறும் ஓர் ஓட்டமாகவோ ஒரு தோல்வியாகவோ உங்கள் கணக்கில் ஏறும். மார்ச்சில் அந்தத் தவறுகளுக்கு விலை இல்லை. உண்மையான அணிகளும் இந்த மாதத்தை இதற்காகவே பயன்படுத்துகின்றன. 2024 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ், எறிதலில் தடுமாறிய இளைஞரை ஷார்ட்ஸ்டாப்பிலிருந்து மாற்றி, பல ஆண்டுகளாக அவுட்ஃபீல்டில் (களத்தின் வெளிப்பகுதி) ஆடிக்கொண்டிருந்த மூக்கி பெட்ஸை அந்த இடத்தில் நிறுத்தியது. அதே பெட்ஸ் 2014-இல் பாஸ்டன் அணியில், செகண்ட் பேஸில் டஸ்டின் பெட்ரோயா அசையாமல் இருந்ததால்தான் அவுட்ஃபீல்டுக்கே போனார்.

ரேட்டிங் எழாதபோது முதலில் பார்க்க வேண்டியது, அவர் உண்மையிலேயே அந்த இடத்தில் நின்றாரா என்பது. எங்கள் லீக்கில் மயிலாடுதுறை அணி ஒரு பையனைத் தேர்ட் பேஸ் பழக்குவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. ஃபீல்டிங் புள்ளிவிவரப் பக்கத்தைத் திறந்து பார்த்தால், தேர்ட் பேஸில் அவர் நின்றது மொத்தம் ஒன்பது இன்னிங்ஸ். மற்ற நாட்களில் அவர் டெசிக்னேட்டட் ஹிட்டராக, அதாவது களத்தில் நிற்காமல் மட்டை மட்டும் பிடிப்பவராக, இருந்தார். 2022 முதல் மேஜர் லீக்கின் இரு பிரிவுகளான அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் இரண்டிலும் டெசிக்னேட்டட் ஹிட்டர் இருப்பதால், தானியங்கி வரிசை ஃபீல்டிங் எண் குறைந்தவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிடுகிறது. மட்டை பிடிக்கும் எண்ணிக்கை ஏறும், பெயர் வரிசையில் தெரியும், நாமும் பழகுகிறார் என்று நம்பிக்கொண்டிருப்போம்; களத்தில் அவர் நிற்பதே இல்லை. ஆகவே வாரத்துக்கு ஒரு முறை, எந்த இடத்தில் எத்தனை இன்னிங்ஸ் என்ற பத்தியை மட்டும் திறந்து பாருங்கள்.

இரண்டாவது, ஒரே நேரத்தில் எத்தனை இடம் பழக்குகிறீர்கள் என்பது. எதற்கும் பயன்படும் ஆளாக ஆக்கும் ஆசையில் திங்கள் செகண்ட் பேஸ், செவ்வாய் லெஃப்ட் ஃபீல்ட், புதன் தேர்ட் பேஸ் என்று சுற்றிவிட்டால், மார்ச் முடிவில் மூன்று இடத்திலும் அரைகுறைதான் மிஞ்சும். ஒரு முகாமுக்கு ஓர் இடம் போதும்.

மூன்றாவது, அந்த இடத்துக்கு வேண்டிய அடிப்படைத் திறன் அவரிடம் உண்டா என்பது. பழக்கம் என்பது இருக்கும் திறனை வெளிக்கொண்டுவரும், இல்லாததை உண்டாக்காது. ஓடி எட்டும் வீச்சும் எறியும் கையும் நன்றாக உள்ள ஷார்ட்ஸ்டாப் செகண்ட் பேஸையும் தேர்ட் பேஸையும் விரைவில் பிடித்துக்கொள்வார். சென்டர் ஃபீல்டர் அவுட்ஃபீல்டின் மற்ற இரு மூலைகளுக்கும் எளிதாகப் போவார். எதிர்த்திசையில் இது நடக்காது. கை பலமில்லாத ஃபர்ஸ்ட் பேஸ்மேனைத் தேர்ட் பேஸுக்குக் கொண்டுபோவது, இறவைக்கு எட்டாத மேட்டுநிலத்தில் நடவு போடுவதற்குச் சமம். பேட்டருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் கேட்சர் இடத்தையோ தொடவே வேண்டாம். அதற்கான தனித்திறன் முன்பே இல்லாதவரை முப்பது ஆட்டத்தில் கேட்சராக்க எந்த விளையாட்டும் விடாது.

அறிகுறி: இளம் பிட்சர் மார்ச்சிலேயே காயம் அடைகிறார், அல்லது களைத்தே ஏப்ரலுக்கு வருகிறார்

முகாம் ஆறு வாரம் நீள்வதற்கே பிட்சர்கள்தான் காரணம். உண்மையான அணிகளில் தொடக்க பிட்சர் முதல் முறை ஓரிரு இன்னிங்ஸ், பிறகு மூன்று, நான்கு என்று ஏறி, மார்ச் இறுதியில்தான் ஐந்தாறு இன்னிங்ஸுக்கு வருகிறார். கல்லணையில் மதகு திறந்த நாளிலேயே முழு அளவு தண்ணீர் விடுவதில்லை. கரை தாங்குகிறதா என்று பார்த்துப் பார்த்தே கூட்டுவார்கள். விளையாட்டில் தனியாகச் சொல்லாவிட்டால், மேலாளர் ஜூலை மாதத்தில் விடுவதைப் போலவே மார்ச் முதல் வாரத்திலும் நூறு பந்து வீசவிடுவார்.

ஒவ்வோர் இளம் பிட்சருக்கும் பந்து எண்ணிக்கை வரம்பு வையுங்கள்: முதல் வாரம் 30, பிறகு வாரத்துக்குப் பதினைந்து கூட்டி, கடைசி வாரத்தில் 90-ஐத் தாண்டாமல். இது நான் பின்பற்றும் அளவு. காயம் வரும் இயல்புடையவர் என்று குறிப்பு இருந்தால் இதிலும் குறைப்பேன். ஒரே நாளில் இரண்டு தொடக்க பிட்சர்களைப் பங்கிட்டு, ஒருவர் முதல் மூன்று இன்னிங்ஸும் மற்றவர் அடுத்த மூன்றும் வீசுமாறு வைத்தால், எட்டுப் பேரைக்கூட ஐந்து நாள் சுழற்சிக்குள் அடக்கிவிடலாம். இடையில் வந்து வீசும் ரிலீஃப் பிட்சரைத் தொடக்க பிட்சராக மாற்றிப் பார்ப்பதற்கும் இது தகுந்த காலம். அவரிடம் நல்ல பந்து வகைகள் மூன்றும், நீடிக்கும் தெம்பும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டே இறங்குங்கள்.

அறிகுறி: முகாம் முடிந்த மறுநாள் பையன் வேறோர் அணியில் இருக்கிறான்

இது எனக்கே நடந்தது. அறுவடைக்காக ஊருக்குப் போய், நான்கு நாள் கணினியைத் திறக்காமல் இருந்துவிட்டு, தொடக்க நாளுக்கு முந்தைய இரவு அவசரமாக ரோஸ்டரை 26 பேராகச் சுருக்கினேன். ஒரு லெஃப்ட் ஃபீல்டரை மைனர் லீக்குக்கு அனுப்ப முயன்றபோது வந்த எச்சரிக்கையைப் படிக்காமலே சரி என்று அழுத்தினேன். காலையில் பார்த்தால் அவர் வேய்வரில் (ஓர் அணி இறக்கும் வீரரை மற்ற அணிகள் கோரும் முறை) எடுக்கப்பட்டிருந்தார். எடுத்ததும் என் தம்பிமுறைக்காரன்தான், திருப்பித் தரவும் இல்லை.

விதி இதுதான். அணியின் 40 பேர் பட்டியலில் (ஆடும் 26 பேரும் இதற்குள் அடக்கம்) உள்ள ஒருவரை மைனர் லீக்குக்கு அனுப்ப ஆப்ஷன், அதாவது அப்படி அனுப்பும் உரிமை, வேண்டும். வழக்கமாக ஒருவருக்கு மூன்று ஆப்ஷன் ஆண்டுகள். ஒரு சீசனில் 20 நாட்களாவது கீழே இருந்தால்தான் அந்த ஆண்டு செலவாகும். மூன்றும் தீர்ந்தவரை வேய்வர் வழியாகத்தான் இறக்க முடியும். அப்போது எந்த அணியும் கை நீட்டலாம். உண்மை விதிகளைப் பின்பற்றும் விளையாட்டுகளில் இவை அப்படியே இருக்கின்றன. ஆகவே முகாமின் முதல் நாளிலேயே ஆப்ஷன் தீர்ந்தவர்களின் பட்டியலை எடுத்துவிடுங்கள். அவர்களுக்கே முதலில் ஆட்டம் கொடுங்கள். வைத்துக்கொள்வதா, விற்பதா என்று மார்ச் நடுவிலேயே முடிவு செய்தால் பதிலுக்கு ஒருவராவது கிடைப்பார். ரூல் 5 தேர்வில் (மற்ற அணிகளின் 40 பேர் பட்டியலில் இல்லாதவர்களை எடுக்கும் முறை) எடுத்த வீரர் இருந்தாலும் இதே அவசரம் உண்டு: அவரைச் சீசன் முழுவதும் 26 பேருக்குள் வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் பழைய அணிக்குத் திருப்பிக் கொடுக்க முன்வர வேண்டும்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு: அனுப்பியிருக்க வேண்டியவரைத் தொடக்க நாளிலேயே மேலே வைத்துவிடுவது. 172 நாட்கள் மேஜர் லீக்கில் இருந்தால் ஒரு சேவை ஆண்டு நிறைவடைகிறது. ஆறு ஆண்டுகள் நிறைந்தால், ஒப்பந்தம் முடிந்ததும் எந்த அணியோடும் சேர வீரர் சுதந்திரமாகிறார். 2015-இல் கிரிஸ் பிரையன்ட் முகாமில் ஒன்பது ஹோம் ரன்களும் 0.425 சராசரியும் காட்டியும், சிகாகோ கப்ஸ் அவரை மைனருக்கு அனுப்பி ஏப்ரல் 17-இல்தான் அழைத்தது. அந்த ஆண்டு அவருக்குச் சேர்ந்தது 171 நாட்கள். ஒரு நாள் குறைந்ததால் அணிக்கு ஓர் ஆண்டு கூடுதலாகக் கிடைத்தது. இது நியாயமா என்ற வாதம் எங்கள் குழுவில் ஓயவே இல்லை. 2022 ஒப்பந்தத்துக்குப் பிறகு, சிறந்த புதுமுக வாக்கெடுப்பில் முதல் இரு இடங்களுக்குள் வருபவருக்கு முழு ஆண்டும் கணக்கில் சேர்க்கப்படுகிறது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

அறிகுறி: முகாமில் நன்றாக இருந்தார், மேலே ஏற்றியதும் வளர்ச்சி நின்றுவிட்டது

இளம் வீரரும் நாற்றைப் போலத்தான். நடவுக்குக் குறுகிய கால நெல்லுக்கு நாற்றின் வயது 18 முதல் 22 நாள். மத்திய கால நெல்லுக்கு 25 முதல் 30. முன்னால் பறித்தால் வேர் பிடிக்காது, நாற்றங்காலிலேயே முதிரவிட்டால் நட்ட பிறகு தூர் கட்டாது. வாரத்துக்கு இரண்டு முறை பிஞ்ச் ஹிட்டராக (வேறொருவருக்குப் பதில் மட்டை பிடிக்க வருபவர்) மட்டும் இறங்கும் இருபத்தோரு வயதுக்காரர் நட்ட வயலும் இல்லாமல் நாற்றங்காலும் இல்லாமல் வரப்பில் கிடக்கும் நாற்று முடிச்சு. தினமும் ஆட இடமில்லையென்றால் டிரிபிள்-ஏக்கு அனுப்பிவிடுங்கள். அங்கே தினமும் நான்கு முறை மட்டை பிடிப்பார். டிரிபிள்-ஏயில் திணறினால் ஒரு மட்டம் இறக்குங்கள். அங்கே எளிதாக அடித்தால் இரண்டு மாதத்தில் ஏற்றுங்கள்.

அறிகுறி: பொட்டென்ஷியல் ஒரே நாளில் சரிந்துவிட்டது

பொட்டென்ஷியல் என்பது ஒருவர் எட்டக்கூடிய உச்சத் திறனின் மதிப்பீடு. அது சரிந்தால் காயமா, ஸ்கவுட் மாறினாரா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் அது விளையாட்டுக்குள் இருக்கும் தற்செயல் மாற்றம். அமைப்புகளில் திறன் மாற்றத்தின் தற்செயல் அளவைக் குறைக்கலாம். ஆனால் அது முழு லீக்குக்கும் பொருந்தும், எதிரியின் பையன்களும் பிழைத்துக்கொள்வார்கள். பழைய சேவ் கோப்பைத் திறந்து மீண்டும் ஓட்டுவது தனியாக ஆடுபவரின் மனச்சாட்சியைப் பொறுத்தது. இணைய லீக்கில் அதற்கு வழியே இல்லை.

அறிகுறி: முப்பது ஆட்டத்தையும் பார்க்க நேரமில்லை

பார்க்க வேண்டியதில்லை. தானாக ஓடவிட்டு மூன்று நாட்களில் மட்டும் நிறுத்துங்கள். ஏறத்தாழ மார்ச் 8-இல் நிறுத்தி, புதிய இடத்தில் பழகுபவர்களின் ஃபீல்டிங் இன்னிங்ஸையும் பிட்சர்களின் பந்து எண்ணிக்கையையும் பாருங்கள். மார்ச் 16-இல் நிறுத்தி, ஆப்ஷன் தீர்ந்தவர்களைப் பற்றி முடிவெடுத்து, இனி வாய்ப்பு கிடைக்காத இளைஞர்களை மைனர் முகாமுக்கு அனுப்புங்கள். தொடக்க நாளுக்கு மூன்று நாள் முன்னால் கடைசியாக நிறுத்தி, 26 பேரையும் இறுதி செய்யுங்கள். அன்று வரும் எச்சரிக்கை ஒவ்வொன்றையும் படித்துவிட்டே சரி என்று அழுத்துங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கோப்பைத் தேதியோடு வேறு பெயரில் சேமியுங்கள். எங்கள் பக்கத்தில் மாலை ஏழு மணிக்கு மின்சாரம் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, சேமித்துக்கொண்டிருக்கும்போது அணைந்த கோப்பு திரும்பத் திறப்பதும் இல்லை.